மாப்பிள்ளைகளை எழுதுகிறவர்

மாப்பிள்ளையின் முழங்கைக்குப் பின்னால் நிற்பது துடைப்பமா, கித்தாரா? படத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பெரிதாக்கினால் எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. சிறிதாக்கினால் மறுபடியும் கித்தார் ஆகிவிடுகிறது. நாற்காலியைத் தள்ளி எழுந்து, அறையின் மறுகோடிக்கு நடந்துபோய், அங்கிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்க்கிறார். திரும்பி வந்து உட்கார்ந்து தட்டுகிறார்: "முப்பது வயது மதிக்கத்தக்க ஆண். வெள்ளைச் சட்டை, இரண்டாவது பொத்தான் மூன்றாவது துளையில். பின்னால் சுவரில் சாய்த்த துடைப்பம்." அன்றைக்கு ஒரு குடும்பத்தின் நிம்மதி கெட்டது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் துடைப்பத்தை எடுத்திருக்க மாட்டார்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பின்புலம். முன்னால் நிற்கும் ஆளைவிடப் பின்னால் இருப்பதில் அக்கறை அதிகம் என்பதால் யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "முன்னாடி நிக்கிறவன் படத்துக்காகத் தயாரா நிப்பான் சார். பின்னாடி இருக்கிறதுக்குப் படம் எடுக்கறாங்கன்னே தெரியாது. அது பொய் சொல்லாது" என்பார்.

கல்யாணத்துக்குப் பெண்ணும் பிள்ளையும் தேடித் தரும் இணையதளம் ஒன்றில் அவருக்கு வேலை. பார்வை இல்லாதவர்கள் கைபேசியையும் கணினியையும் காதால் பயன்படுத்துகிறார்கள். திரையில் இருக்கும் எழுத்தை ஒரு குரல் வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். படம் வந்தால் மட்டும் அந்தக் குரல் முழிக்கும். படத்தோடு யாராவது ஒரு வரி எழுதி மறைவாக வைத்திருந்தால் அதைப் படிக்கும்; இல்லாவிட்டால் "படம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். அந்த ஒரு வரியை எழுதுவதற்காகத்தான் பின்புலத்துக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இந்த உத்தியோகம் பிறந்ததே ஒரு புகாரில். பார்வையில்லாத ஒரு பெண்மணி, தொழில் வரித் தணிக்கை, ஒருநாள் மேலாளரைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "உங்க தளத்துல எனக்குக் காட்டற எல்லா மாப்பிள்ளையும் ஒரே ஆளா இருக்காரு. அவர் பேரு படம்" என்றார். மேலாளர் சிரித்து மழுப்பப் பார்த்தார். தணிக்கையாளர் விடவில்லை. "பிடிச்சிருக்கு, வேண்டாம்னு ரெண்டு பொத்தான் வெச்சிருக்கீங்களாமே. ரெண்டும் எனக்கு 'பொத்தான்'னுதான் கேக்குது. இதுவரைக்கும் நான் யார் யாருக்குச் சம்மதம் சொல்லியிருக்கேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

மேலாளர் பார்த்தார். ஏழு பேருக்குச் சம்மதம் போயிருந்தது. அதில் ஒருவர் கல்யாண மண்டபமே பேசி முடித்துவிட்டு, பெண் ஏன் தொலைபேசியை எடுக்கவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே பொத்தான்களுக்குப் பெயர் வைத்தார்கள். படங்களுக்கு ஆள் தேட ஆரம்பித்தார்கள்.

கிடைத்தவர் பின்புலம். அதுவரை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், அடிபட்ட கார்களைச் சுற்றி வந்து சேதம் எழுதிக்கொண்டிருந்தவர். எழுதப்படுவது மாறினாலும் எழுதுகிற கை மாறவில்லை. "இடது காது சற்று முன்னே வந்திருக்கிறது" என்று எழுதுவார். "முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி" என்று எழுதுவார். ஒரு கணக்கு வாத்தியாருக்கு, "வலது தோள் தாழ்ந்திருக்கிறது, மற்றபடி சேதமில்லை" என்று போட்டுவிட்டார். கடைசி இரண்டு சொற்களை மேலாளர் கெஞ்சி எடுக்கவைத்தார்.

மணப்பெண்களையும் அவர்தான் எழுதுகிறார். அழகு என்ற சொல்லை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. "அழகுன்னு எழுதினா கேக்கறவங்களுக்கு என்ன தெரியும்? என் ரசனைதான் தெரியும். அவங்க என் ரசனையையா கட்டிக்கப் போறாங்க?" எல்லாப் படத்துக்கும் 'புன்னகையுடன்' என்று பொதுவாகச் சேர்த்துவிடலாமே என்று மேலாளர் ஒருதரம் யோசனை சொன்னார். "சிரிக்கலையே சார். வேணும்னா பல்லு தெரியுதுன்னு போடறேன்" என்றார். மேலாளர் யோசனையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு, தானே போட்டுக்கொண்டது. படத்தில் பார்ப்பதை எழுத வேண்டும். தனக்குத் தெரிந்ததை எழுதக்கூடாது. கார்மேல் சாய்ந்து நிற்கிறவனுக்கு, "கார்மேல் சாய்ந்து" என்று எழுதலாம். அது பக்கத்து வீட்டுக் கார் என்று தெரிந்தாலும் மூச்சு விடக்கூடாது. ஆனால் கார் கண்ணாடியில் ஒருவர் தெரிந்து, அவர் கோபமாக ஓடி வருவதும் தெரிந்தால், அதை எழுதியே தீர வேண்டும். எழுதியிருக்கிறார்.

வேலை வீட்டுக்கும் கூடவே வரும். ஒருநாள் மனைவி புது உடுப்பு போட்டுக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். "எப்படி இருக்கேன்? ஊரான் வீட்டுப் பிள்ளைய எல்லாம் எழுதறீங்களே" என்றாள். அவர் நிதானமாகப் பார்த்தார். "நீல உடுப்பு. இடது கையில் கைப்பை. பின்னால் துவைக்கும் இயந்திரம், மூடி திறந்திருக்கிறது" என்றார். அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் அவரோடு பேசியது வானொலி மட்டும்தான்.

சிலருக்காக எழுதப்பட்ட அந்த வரிகள் எப்படியோ வெளியே கசிந்துவிட்டன. படங்களை எல்லோரும் மெருகேற்றித்தான் போடுகிறார்கள். படத்தில் இருக்கும் முகத்தோடு மாப்பிள்ளை நேரில் வருவதில்லை. பின்புலத்தின் வரியில் மட்டும், "கன்னம் மங்கலாக வழவழக்கிறது, பின்னாலிருக்கும் கதவின் சட்டமும் அந்த இடத்தில் வளைந்திருக்கிறது" என்று உண்மை வந்துவிடும். கண் நன்றாகத் தெரிகிற தாய்மார்கள் கைபேசியில் குரலை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கைபேசியைக் காதில் வைத்து மெல்லத் தலையாட்டினால், பாட்டுக் கேட்கிறாள் என்று நினைக்காதீர்கள். வருங்கால மருமகனைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளையைப் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பின்னால் புத்தக அலமாரி வைத்துப் படம் எடுத்தார்கள். "பின்னால் புத்தகங்கள், எல்லாம் ஒரே புத்தகம்" என்று எழுதினார். ஒரு பையன் கையில் பூகோள உருண்டை கொடுத்தார்கள். "உருண்டையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்" என்று எழுதினார். ஒரு தகப்பனார் மகனையே கையோடு அழைத்துவந்து வரவேற்பறையில் நிறுத்தினார். "படத்தை ஏன் சார் பாக்கறீங்க, ஆளையே பாருங்க. முப்பது வயது மதிக்கத்தக்கன்னு அடையாளம் தெரியாத ஆள் மாதிரி எழுதிட்டீங்க" என்றார். பின்புலம் பையனைச் சுற்றி வந்து பார்த்தார். வயதை நீக்கினார். "பின்னால் பிளாஸ்டிக் செடி, தூசு படிந்திருக்கிறது" என்று சேர்த்தார். அது அலுவலகத்துச் செடி.

இப்படி அசைந்து கொடுக்காமல் நின்ற மனிதரைச் சொந்த வீடு வந்து அசைத்தது.

அவருடைய மைத்துனனுக்கு முப்பத்தேழு வயது. மனைவிக்கு ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை அக்கா தூக்கி வளர்த்தது. மின்விசிறிக் கடையில் விற்பனையாளன். நல்ல பிள்ளை, யோசனைக்காரன் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். எந்தக் கேள்வி கேட்டாலும் தலையில் கை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வான். கை வைத்துத்தான் ஆக வேண்டும். கடையில் எந்நேரமும் பத்து விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அவன் தலையில் இருப்பது விக்.

முடி கொட்டிப்போனது இருபத்தைந்து வயதில். அன்றிலிருந்து விக்கோடு எழுந்திருக்கிறான், விக்கோடு தூங்குகிறான், குளியலறையிலிருந்து விக்கோடுதான் வெளியே வருகிறான். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியும் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது. அவனுக்குத் தெரியக்கூடாது என்று அக்கா இத்தனை வருஷமாகக் காப்பாற்றி வருகிறாள். "முடி வெட்டிக்கோடா, நீளமா இருக்கு" என்று மாதத்துக்கு ஒருதரம் சொல்வாள். அவனும் போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வருவான். "இப்பத்தான் பளிச்சுனு இருக்கு" என்பாள்.

இவனும் புகார் சொன்ன அந்தத் தணிக்கையாளரும் அதே தளத்தின் வழியாகப் பேசிப் பழகிவிட்டார்கள். படம் இல்லாமல், குரல் மட்டும். "உங்க பின்னாடி எப்பவும் காத்து அடிக்குதே, கப்பல்ல வேலையா?" என்று அவர் கேட்டிருக்கிறார். "விசிறிக் கடைங்க" என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர் சிரித்த சிரிப்பை மைத்துனன் வீட்டுக்கு வந்து அக்காவிடம் மூன்று முறை சிரித்துக் காட்டினான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அந்த வீடு பார்த்ததில்லை.

பிறகு ஒருநாள் தணிக்கையாளர் சொன்னார்: "ஒரு படம் போடுங்க. அந்த சார் எழுதறதைக் கேட்டுட்டு நான் நேர்ல வர்றேன்." அந்த சார் இவனுடைய மாமா என்று அவருக்குத் தெரியாது.

படம் பின்புலத்தின் மேஜைக்கு வந்தது. பச்சைச் சுவர், கோடு போட்ட சட்டை, கூச்சமான கண்கள். மேலே அடர்த்தியாகக் கறுகறுவென்று முடி. வகிடு, அளவுகோல் வைத்து இழுத்தது போல ஒரே நேர்கோடு. நெற்றியோரத்தில் ஒரு விளிம்பு லேசாகத் தூக்கியிருந்தது. சேதம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது போதும். தனக்குத் தெரிந்ததாலா, படத்தில் தெரிவதாலா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். படத்திலும் தெரிந்தது. அதுதான் வம்பு.

மேலும் ஒரு வம்பு இருந்தது. போன மாதம் ஒரு பல் வைத்தியருக்கு, "வகிடு நேர்கோடு, முடி பொருத்தப்பட்டதாகத் தெரிகிறது" என்று எழுதியிருந்தார். அவருக்குப் பார்த்த சம்பந்தம் அதோடு நின்றுவிட்டது. பல் வைத்தியர் வந்து சத்தம் போட்டபோது, "எனக்கு உங்க மேல கோபமா சார்? கண்ணுல பட்டுச்சு, எழுதினேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னவர் அவர்.

மனைவி மதியச் சாப்பாட்டைத் தானே எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி வந்ததில்லை.

"என்னங்க, என்ன எழுதப் போறீங்க?"

"இருக்கிறதை."

"தலையில முடி இருக்கில்ல?"

"இருக்கு."

"யாரோடதுன்னு உங்களை யாராவது கேட்டாங்களா?"

 அவள் போன பிறகு அவர் திரைக்குத் திரும்பினார். எழுதினார், அழித்தார். மேலாளரிடம் போய், சொந்தக்காரன் படம், வேறு யாராவது எழுதட்டும் என்றார். வேறு யாரும் இல்லை என்றார் மேலாளர். கடைசியில் இப்படி எழுதிவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்: "ஓர் ஆண். நிற்கிறார். தலையில் முடி இருக்கிறது."

மறுநாள் தணிக்கையாளர் கூப்பிட்டார். மேலாளரிடம் இல்லை, நேரே இவரிடம்.

"சார், உங்க எழுத்து எனக்கு நல்லாப் பழக்கம். ஒருத்தருக்குப் பின்னாடி தொங்கின நாள்காட்டியில எந்த மாசம்னுகூட எழுதினவர் நீங்க. இவருக்குப் பின்னாடி ஒரு செவுருகூட இல்லையா?"

"இருக்கும்மா. செவுரு இருக்கு."

"என்ன நிறம்?"

"பச்சை."

"அதை ஏன் எழுதலை?"

பின்புலம் திரையில் தன் வரியை மறுபடியும் படித்துப் பார்த்தார்.

"நான் தணிக்கை பண்றவ சார். நிறையப் பேசறவங்களை நாங்க சந்தேகப்படறதில்ல. ரெண்டு வார்த்தையில முடிக்கிறவங்க கணக்கைத்தான் முதல்ல எடுப்போம். தலையில் முடி இருக்கிறதுன்னு எழுதியிருக்கீங்க. வேற எங்க இருக்கும்?"

"அம்மா, அவன் என் மச்சினன்" என்றார் அவர். 

 மறுமுனையில் குரல் மெதுவாக வந்தது. "போன மாசம் முடி பொருத்தினதுன்னு எழுதினீங்களே, அந்தப் பல் வைத்தியரை எனக்குத்தான் பாத்தாங்க. முடிக்காக நான் அவரை வேண்டாம்னு சொல்லலை. நேராக் கேட்டேன், அது சொந்த முடின்னு சாதிச்சாரு. அதுக்காகத்தான் சொன்னேன். சனிக்கிழமை உங்க அலுவலகத்துக்கு வர்றேன், இவரையும் வரச் சொல்லுங்க. இவர் வாயால சொல்லட்டும். மறைச்சாருன்னா எழுந்து போயிடுவேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"சனிக்கிழமை வர்றாங்க. மறைக்காம சொன்னாப் போதுமாம்" என்றார் பின்புலம்.

"நான் என்ன மாமா மறைக்கிறேன்?" என்றான் மைத்துனன். கை தலைக்குப் போய்விட்டது.

"அதான்டா, அது" என்றாள் அக்கா.

"எது அக்கா?"

"மேல இருக்கிறது."

"மேல என்ன இருக்கு?"

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் காப்பாற்றியதைச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணாந்து பார்த்தாள். "விசிறி" என்றாள்.

மூவரும் விசிறியைப் பார்த்தார்கள். அது ஓடவில்லை. அவன் இருக்கும்போது அந்த வீட்டில் விசிறி போடுவதில்லை. வேர்த்து விறுவிறுத்தபடி மூவரும் அதன் இறக்கைகள் நன்றாக இருக்கின்றன என்று ஒத்துக்கொண்டார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

சனிக்கிழமை மேலாளர் கூட்ட அறையைத் திறந்துவிட்டார். சாமான் போட்டுவைத்த அறையை ஒழித்துச் செய்தது, ஜன்னல் கிடையாது. தணிக்கையாளர் தனியாகத்தான் வந்தார். கைக்கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். குரலில் கேட்டதைவிட உயரமானவர். எதிரில் மைத்துனன். அவனுக்கு இரண்டு பக்கமும் அக்காவும் மாமாவும் காவல் இருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல இந்த அறையை எழுதுங்க சார்" என்றார் தணிக்கையாளர்.

பின்புலத்துக்கு உயிர் வந்தது. நீள மேஜை, ஆறு நாற்காலி, ஒன்றுக்குக் கை ஒடிந்திருக்கிறது, சுவரில் போன வருஷத்து விற்பனை வரைபடம், கோடு கீழ்நோக்கிப் போகிறது என்று சரளமாகச் சொன்னார்.

"இப்ப இவரை."

அவர் நிறுத்திவிட்டார். மனைவி மேஜைக்கடியில் அவர் காலை மிதித்துக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

மைத்துனன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். எழுந்து போய்விடுவான் என்றுதான் பின்புலம் நினைத்தார். அவன் தணிக்கையாளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானே சொல்றேன் மாமா" என்றான். "என் தலையில இருக்கிறது என்னோடது இல்லீங்க. வாங்கி வெச்சிருக்கேன். எனக்கு முடி கிடையாது. யாருக்கும் தெரியாது."

அக்கா விசும்பினாள். இப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல அழ வேண்டும் என்று நினைத்து ஆரம்பித்தாள். பாதியில் அது நிஜ அழுகையாகிவிட்டது.

தணிக்கையாளர் எழுந்து போகவில்லை. மேஜைமேல் கையை நீட்டினார், உள்ளங்கை விரிந்திருந்தது. "குடுங்க. அதைப் பாக்கணும். அப்புறம் உங்க தலையையும் பாக்கணும். ரெண்டையும் பாத்துட்டுத்தான் நான் பதில் சொல்வேன்."

மைத்துனன் இரண்டு கைகளையும் தூக்கினான். விரல்கள் நெற்றியோரத்தைத் தொட்டன. அங்கேயே நின்றுவிட்டன.

"என்ன?" என்றார் அவர்.

"அக்கா பாக்கறாங்க" என்றான்.  "மாமா பாக்கறாரு. இது இல்லாம என்னை யாரும் பாத்ததில்லீங்க. கண்ணாடியில நானே பாக்க மாட்டேன்."

அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவளால் முடியவில்லை. தான் வளர்த்த பிள்ளை, விரலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவனுக்கு அது தெரிந்தது. கைகள் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தன.

தணிக்கையாளரின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. "சார், ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க. இங்க என்ன நடக்குது? நீங்களாவது சொல்லுங்க."

பின்புலம் வாயைத் திறந்தார். மைத்துனனின் முகத்தில் இருந்த பயம் முழுவதும் அவருக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளி எழுந்து, கதவோரம் போய், விளக்கை அணைத்தார்.